முக்கால் லிட்டர் தண்ணீரும் 1,320 படிகளும்

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு மலையேறுவது சாகசம் அன்று, குடும்ப வழக்கம். கோவைக்கு மருதமலை, காங்கேயத்துக்குச் சிவன்மலை, பெருந்துறை வட்டாரத்துக்குச் சென்னிமலை, நாமக்கல் பக்கத்தாருக்குத் திருச்செங்கோடு, எல்லோருக்கும் பொதுவாகப் பழனி என்று எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் ஒரு குன்றும் அதன் மேல் ஒரு கோயிலும் கண்ணில் படும். பிள்ளைக்கு மொட்டையடிப்பது, காது குத்துவது, பத்திரிகை அடித்தவுடன் முதல் பத்திரிகையை வைப்பது, நிலத் தகராறு தீர்ந்தால் நன்றி சொல்வது என்று எல்லாவற்றுக்கும் படியேறித்தான் ஆக வேண்டும். "நோய் தீர்ந்தால் படியேறி வருகிறேன்" என்று வேண்டிக்கொண்டவர்கள் எங்கள் உறவிலேயே பலர் உண்டு. நோய் தீர்ந்தது, ஏறினார்கள், மொட்டை போட்டார்கள், கதை முடிந்தது. தீராத நோய் வந்தவன் எந்தக் கணக்கில் ஏறுவது என்பதை மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பதால் செலவு தாங்குகிறது. மற்ற நாட்களில் ஒரு நூல் கடையில் கணக்கெழுதுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஊசியையும் இரத்தக் குழாயையும் கண்டுதான் இரக்கப்படுகிறார்கள். ஊசி ஒரு நிமிடத்து வேலை. உண்மையான தண்டனை தண்ணீர். சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்ட எனக்கு, குடிப்பது அனைத்தும் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கிவிடும். காலில் வீங்கும், நுரையீரலில் ஏறும், இருதயத்துக்குச் சுமையாகும். ஆகவே நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் என்பது மருத்துவர் விதித்த அளவு. காலைக் காப்பி, மாத்திரை விழுங்கும் தண்ணீர், மோர், ரசம் எல்லாம் அந்த முக்கால் லிட்டருக்குள் அடங்க வேண்டும். ஈரோடு மாவட்டத்துச் சித்திரை வெயிலில் முக்கால் லிட்டர் என்றால் என்னவென்று இந்த ஊரில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில் மலையேற நினைத்தேன் என்றதும் நண்பர்கள் முதலில் சொன்ன பெயர் வெள்ளியங்கிரி. இளவயதில் நாங்கள் கூட்டமாகப் போய்வந்த மலை அது. அடிவாரமான பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவில் ஏறத் தொடங்கினால், வெள்ளைப் பிள்ளையாரைக் கடந்து, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, திருநீறு போன்ற மண் கொண்ட மலையையும் கடந்து, ஏழாவது மலையில் பாறைகளுக்கிடையே சுயம்புலிங்கத்தைக் கும்பிடும்போது விடிந்திருக்கும். ஏறக்குறைய 6,000 அடி உயரம். மேலே வெட்டும் குளிர்க்காற்று. அந்த மலையை நினைத்தால் இப்போதும் கால்கள் துறுதுறுக்கின்றன என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் மறுத்துவிட்டேன். மாசியிலிருந்து வைகாசி வரை மலை திறந்திருக்கும் காலத்தில், இருதய நோய், மூச்சுக் கோளாறு, இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் அறநிலையத் துறையும் அடிவாரத்திலேயே எச்சரிக்கின்றன. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் மயங்கி விழுந்து அடுத்தடுத்துப் பலர் இறந்த செய்திகளை நாம் எல்லோருமே படித்தோம். அங்கே வண்டிப் பாதை கிடையாது. மூன்றாவது மலையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் டோலி கட்டி ஆட்கள் தூக்கித்தான் இறக்க வேண்டும், அதற்குள் விடிந்துவிடும்.

எனக்கு இன்னொரு தடையும் உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் வேண்டி, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் என் பெயர் பதிவாகியிருக்கிறது. எடுத்த சிறுநீரகத்தைக் குளிரில் வைத்துக் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதால், அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். பட்டியலில் இருப்பவன் கைப்பேசியில் சிக்னல் கிடைக்காத இடத்துக்கு ஓர் இரவு முழுவதும் போவது முறையன்று. வெள்ளியங்கிரியை நான் தள்ளி வைத்ததற்குப் பயத்தைவிட இந்தக் கைப்பேசிதான் பெரிய காரணம்.

இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை. தன்னம்பிக்கை இருந்தால் எதுவும் முடியும் என்ற பேச்சு நம் ஊரில் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. புற்றுநோயிலிருந்து மீண்டு, ஒரு நுரையீரல் சரிவர இயங்காத நிலையிலும் 2002இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட அமெரிக்கர் ஷான் ஸ்வார்னரைப் பற்றிய வீடியோ எனக்கு வாட்ஸப்பில் வராத மாதமில்லை. அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் நோயைக் கடந்து வந்தபின் ஏறியவர். நோயோடு இயந்திரத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பவனுக்கு அந்தக் கதை பொருந்தாது. அவர் பின்னே பயிற்சியும், துணைக்கு ஆட்களும், ஆக்சிஜனும் இருந்தன என்பதை வீடியோவை அனுப்புகிறவர்கள் எழுதுவதில்லை. சிறுநீரகம் கெட்டவரின் இரத்தத்தில் தேங்கும் பொட்டாசியம் மன உறுதியால் குறையாது. அது அளவு மீறினால் நல்ல மனிதர், கெட்ட மனிதர் என்று பாராமல் இருதயத் துடிப்பு தாறுமாறாகும்; சில வேளை நின்றேவிடும்.

சென்னிமலை என்று முடிவு செய்ததற்குக் காரணங்கள் எளியவை. 1,320 படிகள், கடல் மட்டத்திலிருந்து 1,749 அடி. படி வழியைத் தவிர மலை மேல் வரை வண்டி போகும் தார்ச்சாலையும் இருக்கிறது. ஏறிவிட்டு நடந்து இறங்க வேண்டிய கட்டாயமில்லை, இடையில் முடியவில்லை என்றாலும் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, கைப்பேசியும் பேசும். இத்தனையும் வைத்துக்கொண்டுதான் மருத்துவரிடம் கேட்டேன். அவர் உடனே முடியாது என்றும் சொல்லவில்லை, பேஷாகப் போங்கள் என்றும் சொல்லவில்லை. முதலில் எக்கோ என்னும் இருதய ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு இருதயத் தசை தடித்தும் தளர்ந்தும் போயிருக்கும். அது எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாமல் படியேற அனுமதிப்பது பொறுப்பற்ற செயல் என்றார். பிறகு ஹீமோகுளோபின். இரத்தச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளையிடும் எரித்ரோபொய்டின் என்ற பொருளைச் செய்வதே சிறுநீரகம்தான். அது ஓய்ந்துவிட்டால் சோகை தானே வரும்; அதனால்தான் எங்களுக்கு அந்தப் பொருளை ஊசியாகவும் இரும்புச்சத்தைச் சிரை வழியாகவும் ஏற்றுகிறார்கள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்த என் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டட்டும், அதன் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்.

அது தாண்டிய பின் நாள் குறித்தார். ஜோசியர் குறிப்பதைவிடக் கறாரான நாள் குறிப்பு அது. "சனிக்கிழமை டயாலிசிஸ் முடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை விடியக்காலையில ஏறுங்க. சனிக்கிழமை சாயங்காலமே ஏறக் கூடாது, திங்கக்கிழமை ஏறவே கூடாது" என்றார். டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு துவண்டு கிடக்கும். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். திங்கள் என்றால் சனிக்குப் பிந்திய இரண்டாம் நாள். எங்கள் வாரத்தில் இயந்திரம் இல்லாத நீண்ட இடைவெளி அதுதான். நீரும் பொட்டாசியமும் உடம்பில் உச்சத்துக்கு ஏறுவதும், டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் திடீர் இருதய மரணங்கள் அதிகம் நேர்வதும் அந்த நீண்ட இடைவெளியின் இறுதியில்தான். இடையில் உள்ள ஞாயிறு காலை ஒன்றுதான் எனக்கு அந்த வாரத்தில் பொருந்திய முகூர்த்தம். அத்துடன் சனிக்கிழமை இயந்திரத்தில் தண்ணீரை ஒட்ட எடுக்காமல், உலர் எடைக்கு, அதாவது மிகுதி நீர் நீங்கிய உடம்பின் வழக்கமான எடைக்கு, சற்று மேலேயே நிறுத்தும்படி டெக்னீசியனுக்கு எழுதிக் கொடுத்தார். படியேறும்போது வியர்க்கும், ஏற்கெனவே வற்றிய உடம்போடு போனால் மயங்கி விழுவேன் என்பது அதன் பொருள்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழ்பவானி வாய்க்கால் கரையில் மாலையில் நடந்தேன். மாடிப்படியை ஏறி இறங்கி வீட்டாரின் பொறுமையைச் சோதித்தேன். அதில் கற்றுக்கொண்ட ஒன்றை மட்டும் என்னைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாடித் துடிப்பை எண்ணி உடம்பின் சிரமத்தை அளப்பது எங்களில் பலருக்குப் பொருந்தாது. இரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும் வகை. உடம்பு தவிக்கும்போதும் கையில் கட்டிய கடிகாரம் எல்லாம் நலம் என்றே காட்டும். அதற்குப் பதிலாகப் பேச்சை வைத்து அளக்கச் சொன்னார்கள். ஏறிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் பேச முடிந்தால் தொடரலாம். வாக்கியம் பாதியில் உடைந்தால் நிற்க வேண்டும். நின்று இரண்டு மூன்று நிமிடத்தில் பேச்சு திரும்பாவிட்டால் இறங்க வேண்டும். செலவில்லாத கருவி. துணைக்கு ஓர் ஆள் இருந்தால் போதும்.

எனக்குத் துணையாக வந்தவன் அக்கா மகன். தறிக்குடோனில் வேலை; நாள் முழுக்கப் பேசச் சொன்னாலும் சலிக்காதவன். "மாமா, நீங்க பேசிட்டே வாங்க, நான் கேட்டுட்டே வாறேன். பேச்சு நின்னா உங்களைத் தூக்கீட்டு எறங்கீருவேன்" என்றான். அவன் பையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, மாத்திரைகள், மருத்துவமனையின் எண் எழுதிய அட்டை, ஒரு குடை, இவற்றோடு என் பங்குத் தண்ணீர். 200 மில்லி பிடிக்கும் சிறிய பாட்டிலில் என் மனைவி ஐந்து இடங்களில் ரப்பர் வளையம் போட்டிருந்தாள். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே 40 மில்லி. அதை விழுங்கக் கூடாது. வாயில் வைத்து, நாக்கு நனைந்து, தொண்டை அறியும் வரை பொறுத்து, மெல்ல இறக்க வேண்டும். வீட்டில் என்றால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வேன்; ஒரு கட்டி ஒரு வாய்த் தண்ணீருக்கும் குறைவு, ஆனால் ஐந்து நிமிடம் வரும். மலையில் அதற்கு வழியில்லை.

விடியுமுன்பே அடிவாரத்தில் செருப்பைக் கழற்றினோம். எனக்கு இடது மணிக்கட்டுக்கு மேலே ஃபிஸ்டுலா இருக்கிறது. தமனியைச் சிரையோடு இணைத்துத் தைத்து, சிரையைப் பருக்கச் செய்து, இயந்திரத்துக்கு வேண்டிய வேகத்தில் இரத்தம் கிடைக்கும்படி ஆக்கும் அறுவை அது. அமெரிக்க மருத்துவர்கள் பிரெசியாவும் சிமினோவும் 1966இல் வெளியிட்ட முறை, இன்றுவரை இதைவிடச் சிறந்த வழி வரவில்லை. அதன் மேல் விரலை வைத்தால், ஓடும் கிணற்று மோட்டாரின் குழாயைத் தொட்டது போன்ற அதிர்வு தெரியும். அதிர்வு இருந்தால் நான் இருக்கிறேன் என்று பொருள்; காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்குமுன் நான் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். அந்தக் கையில் பை மாட்டக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, அதன் மேல் விழவும் கூடாது. கிருத்திகையிலும் தைப்பூசத்திலும் கூட்டம் நெருக்கும் என்பதால் அந்த நாட்களை ஒதுக்கியதற்கு இந்தக் கைதான் காரணம். வலக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மகனை இடப்பக்கம் நடக்கவிட்டேன்.

முதல் பகுதி எளிதாகவே போயிற்று. கீழே சென்னிமலை ஊர் போர்வைக்குப் பேர்போன ஊராதலால், படியேறும்போதும் நான் நூல் விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனேன். என் மூச்சை அளக்க நாற்பதாம் நம்பர் நூலைவிட நீண்ட விஷயம் வேறு இல்லை. இடும்பன் சன்னதியைத் தாண்டிய பின் வாக்கியங்கள் குறுகத் தொடங்கின. "பேல் என்ன விலைங்க மாமா?" என்று கேட்டான்; விலையைச் சொன்னேன், ஆனால் "போன மாசத்தைவிட" என்பது வரவில்லை. உட்கார்ந்தோம். தொடைக்குள் ஒரு கனம். அது வலியில்லை, உடம்பு தன் கையிருப்பைச் சொல்லும் விதம். சோகை உள்ளவர்களுக்கு நுரையீரல் களைக்குமுன் கால் களைத்துவிடும், ஏனென்றால் தசைக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனே குறைவு. முதல் ரப்பர் வளையம் அங்கே காலியானது.

மண்டபத்தில் எங்களுக்கு முன்பே ஓர் ஆத்தா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தூக்குப் போசியில் மோர் கொண்டுவந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இப்பிடி மூச்சு வாங்குது? இந்தா, ஒரு டம்ளர் மோரு குடி" என்று ஊற்றிவிட்டார். கருவேப்பிலையும் பெருங்காயமும் மிதக்கும் மோர். கொங்கு நாட்டில் கொடுத்த மோரை வேண்டாம் என்பது கொடுத்தவரை வேண்டாம் என்பதற்குச் சமம். அதில் உப்பு இருக்கும்; உப்பு தாகத்தைக் கூட்டும்; மோரில் பொட்டாசியமும் பாஸ்பரசும் உண்டு; டம்ளரில் இருப்பதோ என் மலைப் பங்கு முழுவதும். "தண்ணி குடிக்கக் கூடாதுங்க ஆத்தா, சிறுநீரகம் வேலை செய்யறதில்லைங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தண்ணீர் குடிக்காததால்தான் கல் வரும், கல் வந்தால் சிறுநீரகம் கெடும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டவர். கெட்டுப்போன பிறகு கணக்கு தலைகீழாவதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்கா மகன் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எனக்கு ரொம்பத் தாகமுங்க ஆத்தா" என்றான். அவர் சமாதானமானார். எனக்கு வேண்டுமென்று இன்னொரு டம்ளர் ஊற்ற அவர் மூடியைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டோம்.

அங்கிருந்து சற்று மேலே போகும்போது பொதிகாளைகள் எங்களைக் கடந்தன. சென்னிமலையாண்டவரின் அபிஷேகத்துக்கு வேண்டிய தீர்த்தம் அடிவாரத்திலிருந்து காளைகளின் முதுகில் படிவழியாகவே நாள்தோறும் போகிறது. இந்த மலையில் 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி இரட்டை மாட்டு வண்டி ஒன்று இந்தப் படிகளில் ஏறியே மேலே போனது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் எனக்கு அந்த ஒரு நாள் அதிசயத்தைவிடத் தினமும் நடக்கும் இந்தத் தண்ணீர்ச் சுமைதான் பெரிதாகப் பட்டது. காளைகள் விரைவதில்லை. நேராகவும் ஏறுவதில்லை, படியின் அகலத்தைப் பயன்படுத்திச் சாய்வாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்ப் போய் ஏறுகின்றன. நானும் அவற்றின் பின்னே அப்படியே சாய்வாக ஏறிப் பார்த்தேன். படிகளின் எண்ணிக்கை குறையவில்லை, நடை கூடியது. ஆயினும் அடுத்தடுத்த படிக்குக் காலைத் தூக்கும் இடைவெளி நீண்டதால், பேச்சு அறுபடவில்லை. பிஸியோதெரபி என்று படித்ததெல்லாம் அங்கே பயன்படவில்லை. அந்தக் காளைகளின் நடைதான் என்னை மேலே சேர்த்தது.

கடைசிப் பகுதியில் நிற்க வேண்டியிருந்தது. ஒருமுறை இரத்த அழுத்தமும் பார்த்தோம், சற்றே இறங்கியிருந்தது. ஒரு வளையத் தண்ணீரையும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையையும் வாயில் போட்டுக்கொண்டு, காலை நீட்டிப் படுத்தேன். வழியில் போனவர்கள் எட்டிப் பார்த்துப் போனார்கள். "பாவம்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எழுந்து போய் அவரிடம் நூல் விலை பேச வேண்டும் போலிருந்தது.

தரிசனம் நன்றாகவே நடந்தது. என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதப் போவதில்லை. சிறுநீரகம் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். ஒரு குடும்பத்தில் ஓர் இழவு விழுந்தால்தான் எனக்கு அது கிடைக்கும் என்று தெரிந்தபின் அதைச் சாமியிடம் கேட்க வாய் வருவதில்லை. பிரசாதமாகப் பஞ்சாமிர்தம் தந்தார்கள். வாழைப்பழமும் பேரீச்சையும் நாட்டுச்சர்க்கரையும் சேர்ந்தது பஞ்சாமிர்தம். எங்கள் உணவுப் பட்டியலில் சிவப்பு மையில் அடித்திருக்கும் பொருட்களை ஒன்றாகப் பிசைந்தால் அதுதான் வரும். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். மீதியை அக்கா மகன் உள்ளங்கையோடு நக்கினான். இளநீரும் அப்படித்தான். தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு, பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அன்போடு வெட்டித் தரும் இளநீரை ஒதுக்குவது தினப்படி வேலை. உடல்நலம் உள்ளவனுக்கு அமுதமாக இருப்பது எங்களுக்கு இருதயத்தை நிறுத்தக்கூடிய பொட்டாசியம். மலைக் கோயில்களின் அடிவாரத்தில் விற்கும் நட்சத்திரப் பழமும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு நஞ்சு. மூளையைத் தாக்கும், வலிப்பு வரும். இதை அறியாமல் விரதத்துக்குப் பழம்தானே என்று சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே, சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினினைக் குறைக்கும் என்று சொல்லி வேர்களையும் பொடிகளையும் விற்கிறவர்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. இயந்திரத்தில் ஏறும் நிலைக்கு வந்தவரின் சிறுநீரகத்தை எந்தப் பொடியும் திருப்பித் தராது. மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சச் சிறுநீரையும் சில பொடிகள் நிறுத்திவிடும்.

கோயிலுக்குப் பின்னே இன்னும் மேலே வள்ளி தெய்வானை சன்னதியும் அதற்கப்பால் சித்தர் குகையும் இருக்கின்றன. அக்கா மகன் அந்தப் படிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் பேசிப் பார்த்தேன். வாக்கியம் முழுதாகத்தான் வந்தது. ஆனாலும் பாட்டிலில் கடைசி வளையம் மட்டுமே மிச்சமிருந்தது, வெயிலும் ஏறிவிட்டது. கீழே நின்றே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டி நிற்கும் இடத்துக்கு வந்தோம். இறக்கத்தில் மூச்சு வாங்காது, ஆகவே இறங்குவது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். சிறுநீரகம் கெட்டால் எலும்பும் வலுவிழக்கும். ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழு எடையையும் முட்டியும் இடுப்பும் வாங்க வேண்டிய இறக்கம்தான் எங்களுக்கு ஆபத்து. தங்கை வீட்டுக் கார் மேலே காத்திருந்தது. நேர்ந்துகொண்டவன் வண்டியில் இறங்கலாமா என்று வீட்டில் ஒரு பெரியவர் பிறகு கேட்டார். ஏறுவதாகத்தான் நேர்ந்துகொண்டேன் என்றேன்.

அன்றிரவு கெண்டைக்காலில் பிடிப்பு வந்து படுத்தியது. செவ்வாய்க்கிழமை எடைப் பலகையில் ஏறியபோது, நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே எடை கூடியிருந்தது. வியர்வை தன் பங்கைச் செய்திருந்தது. டெக்னீசியன் பேரேட்டைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை தண்ணியே குடிக்கலீங்களா?" என்று கேட்டார். மலையேறிய கதை அந்த அறையில் பரவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே நாங்கள் பத்துப் பேர் வரிசையாகப் படுத்திருப்போம். நான்கு மணி நேரத்தை ஓட்டப் பேச்சு வேண்டும். எந்தப் படியில் உட்கார்ந்தேன், மாத்திரையை எப்போது போட்டேன், ஃபிஸ்டுலாக் கையை எப்படி வைத்துக்கொண்டேன் என்றெல்லாம் கேட்டார்கள். தன்னம்பிக்கையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

திங்கள், புதன், வெள்ளி ஷிப்டில் வருகிற ஒரு பெரியவர் இருக்கிறார். ஊசி போட்ட இடத்தில் ஏதோ சிக்கல் என்று அன்று எங்கள் ஷிப்டுக்கு வந்திருந்தார். இருதயத்தின் இயக்கம் பாதியாகக் குறைந்துவிட்டதால் படியேற வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். பழனிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழனியில் 693 படிகள் இருந்தாலும் 'விஞ்ச்' எனும் இழுவை ரயிலும் ரோப் காரும் உண்டு; விஞ்சில் போகலாம், அதில் குறைவொன்றும் இல்லை என்றேன். டயாலிசிஸுக்கு மறுநாளாகிய செவ்வாயோ வியாழனோ அவருக்குப் பொருந்தும், முருகனுக்குகந்த செவ்வாயாகவே வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் கணக்கிட்டோம். அவரை அழைத்துப் போக வேண்டிய மகனுக்குத் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. ஞாயிறோ வெள்ளிக்குப் பிந்திய இரண்டாம் நாள். ஒரு வாரம் மட்டும் அவரைச் செவ்வாய், வியாழன், சனி ஷிப்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறோம். படுக்கை காலியாக இருந்தால் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அதுவரை தண்ணீர் பாட்டிலுக்கு ரப்பர் வளையம் எங்கே கிடைக்கும் என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.